கண்ணாடிக்காரரின் அட்டை

கண்ணாடிக்காரர் இருபது வருடமாகக் கதை எழுதுகிறார். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, தன் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கும் நேரம்வரை எழுதுவார். எதற்காக எழுதுகிறீர்கள் என்று உலகத்தில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. திடீரென்று கேட்டுவிட்டால் திண்டாடக் கூடாதே என்று, சவரம் செய்யும்போதே பதில் சொல்லிப் பழகிக்கொள்வார். "எழுத்து ஒரு தவம்" என்பார் ஒரு நாள். மறுநாள் அது "ஒரு விடுதலை" ஆகிவிடும். தாடையில் பிளேடு பட்ட நாள்களில் "எழுத்து ஒரு காயம்". பத்திரிகைகளுக்கு இந்தத் தத்துவ நுட்பமெல்லாம் பிடிபடவில்லை. எல்லாக் கதைகளையும் ஒரே மாதிரி திருப்பி அனுப்பின.

அதுகூட அவருக்குப் பெரிய குறையில்லை. கட்டிய மனைவி ஒரு வரி படித்ததில்லை என்பதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கடையில் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்து ஃப்ரேம்களுக்குக் குட்டி ஸ்க்ரூ முடுக்குவாள். நோட்டை நீட்டினால், "அப்புறம் பாக்கறேன், கை வேலையா இருக்கேன்" என்பாள். இருபது வருடமும் கை வேலையாகவே இருந்தாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். கண் சோதிக்க வருகிறவர்கள் படித்துக் காட்ட ஓர் அட்டை இருக்கும் அல்லவா? கம்பெனி கொடுத்த அட்டையில் சப்பென்று எதையோ போட்டிருந்தார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் கதையின் முதல் பத்தியைப் பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடியும்படி அச்சடித்து வைத்தார். அதன்பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வேறு வழியில்லாமல் அவருடைய வாசகர் ஆனார்கள். அவர்கள் படிக்கப் படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வினை தையல்காரர் உருவத்தில் வந்தது. மனுஷன் மூன்றாவது வரியில் தடுக்கி விழுந்தார். வரியும் லேசுப்பட்ட வரியில்லை: "நேற்று வராதவளின் நாளைய வருகையை இன்றே மறந்துவிட்டவனின் மௌனத்துக்குள் மழை பெய்துகொண்டிருந்தது." கண்ணாடிக்காரர் பவரைக் கூட்டினார். தையல்காரர் மறுபடியும் தடுக்கினார். இவர் மறுபடியும் கூட்டினார்.

ஒரே வாரத்தில் தையல்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "என்ன சார் கண்ணாடி இது? ஊசி உலக்கை மாதிரி தெரியுது!"

மனைவி எழுந்து வந்தாள். தையல்காரருடைய பழைய கண்ணாடியை மாட்டச் சொல்லி, செய்தித்தாளைக் கையில் கொடுத்தாள். விளம்பரத்தின் அடியில் இருந்த பொடி எழுத்துவரை தையல்காரர் கடகடவென்று படித்துவிட்டார்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குண்ணே" என்றாள்.

எது நல்லா இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. கண்ணாடிக்காரருக்கு அது புரியாமலும் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இனிமேல் பேனாவைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவுகட்டினார்.

எழுதுகிற புருஷனால் வீட்டுக்கு உபயோகமில்லை. எழுதாத புருஷனாலோ உபத்திரவம். ஐந்து மணிக்கே சமையலறையில் வந்து நின்றுகொண்டு, தண்ணீர் எப்படிக் கொதிக்க வேண்டும் என்று யோசனை சொன்னார். ஒன்பது நாள் பொறுத்தாள். பத்தாம் நாள், கடை திறப்பதற்கு முன்னால் அவளே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் பாத்துடுங்க. ஸ்க்ரூ சரியாவே தெரிய மாட்டேங்குது. தடவித் தடவித்தான் மாட்டறேன்."

லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டினார். கிழித்துப்போட மனம் வராமல் வைத்திருந்த அந்த அட்டையைத் தயங்கித் தயங்கி நீட்டினார். அவள் ஆரம்பித்தாள். மூன்றாவது வரி தண்ணீர்பட்ட பாடாகப் போயிற்று. கடைசிப் பொடி எழுத்தும் முடிந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, சட்டத்தில் இன்னும் லென்ஸே போடவில்லை.

"அட்டையைப் பாத்துப் படி!"

"பாத்தா தெரியலன்னுதானே வந்திருக்கேன்?"

"அப்ப எப்படிச் சொன்ன?"

"ஊர்ல உள்ளவங்க எல்லாம் வருஷக்கணக்கா என் காதுகிட்ட உக்காந்து ஒப்பிச்சிட்டுப் போறாங்க. மனப்பாடம் ஆகாம என்ன செய்யும்? மூணாவது வரி வந்தா மட்டும் எல்லாருக்கும் மூச்சு வாங்கும். சொல்லிடலாம்னு வருவேன். நீங்க கண்ண மூடி ரசிச்சிட்டு இருப்பீங்க, பாவம்னு விட்டுடுவேன்."

கண்ணாடிக்காரர் அட்டையைக் கீழே வைத்தார். இந்த அட்டையை வைத்து இவள் கண்ணைச் சோதிக்க முடியாது. இவள் காதில் விழாத வரி வேண்டும், அதுவும் இப்போதே. பேனாவை எடுத்தார். தவமும் விடுதலையும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. எதிரே இருக்கிறவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு தாளில் பொடி எழுத்தில் எழுதி, லென்ஸைப் போட்டு, அவள் கையில் கொடுத்தார்.

அவள் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தாள். "என் மனைவிக்கு வயது நாற்பத்தாறு. அவளுக்கு என் கதையில் ஒரு வரிகூடப் பிடிக்காது."

எங்கும் தடுக்கவில்லை. தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத் தெரியுது. மொத வரி நிஜம். ரெண்டாவது பொய். அடிச்சிட்டு வேற எழுதுங்க."

இரண்டாவது வரியை அடித்தார். இருபது வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் ஒரு வரியை அடித்ததில்லை. அடுத்த வரியை எழுதத் தாளைப் பார்த்தார். கண் நிறைந்துபோய் ஒன்றும் தெரியவில்லை.

"ம், எழுதுங்க" என்றாள் அவள். "படிக்கத்தானே உக்காந்திருக்கேன்."