நான் அழித்த வெள்ளைப் புள்ளி

ஒரு கருவியை நானே குருடாக்கினேன். தெரிந்தே செய்தேன். என் வயிற்றுக்குள் இருந்த ஒன்றைப் பார்க்கப் பயந்து செய்தேன்.

மில்லர்புரத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் சின்ன ஸ்கேன் கருவி ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். உள்ளங்கையில் அடங்கும், சிறு பேட்டரியில் ஓடும், வீட்டிலேயே வயிற்றில் வைத்தால் கைபேசியில் படம் விழும். ஒவ்வொரு மாதிரியையும் முதலில் என் மேல்தான் சோதிப்பேன்.

அன்று என் கல்லீரலில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. கருவியை நகர்த்தினேன். சாய்த்தேன். அது அங்கேயே இருந்தது...

"ஏன் மூஞ்சி இப்பிடி வேர்க்கு?" என்று மாலையில் என் மனைவி ரோஸ்லின் கேட்டாள்.

"மிஷின்ல ஒரு கோளாறு" என்றேன். என் அப்பா கல்லீரல் புற்றில் போனவர். அவளிடம் வேறென்ன சொல்வேன்?

மறுநாள் மென்பொருளில் ஒரு வடிகட்டியைச் சேர்த்தேன். குறைந்த மின்சாரத்தில் ஓடும் கருவியின் படத்தில் பொய்யான புள்ளிகள் விழும். அவற்றை இது துடைத்துவிடும் என்று கூட்டாளிகளிடம் விளக்கினேன். அது பொய்யில்லை. ஆனால் என் புள்ளி மறையும்வரை வடிகட்டியின் அளவை ஏற்றிக்கொண்டே போனேன். மறைந்தது. மூச்சு வந்தது.

அந்த வடிகட்டியோடு ஐந்து கருவிகள் சோதனைக்காக ஐந்து வீடுகளுக்குப் போயின. ஒன்று திரேஸ்புரத்தில், கடலில் சங்கு குளிக்கும் அந்தோணி அண்ணாச்சி வீட்டுக்கு. அவருக்கு அடிக்கடி மேல்வயிறு வலிக்கும். அவர் அனுப்பும் படங்கள் சுத்தமாக இருக்கும். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்பேன். ஒரு மாதம் அப்படியே சொன்னேன்.

பிறகு ஒருநாள் அவர் மனைவி போனில் அழுதார். "தம்பி, இவிய வலியில சுருண்டு கெடக்காவ. நீங்க ஒண்ணுமில்லன்னுதான சொன்னிய?"

ஆஸ்பத்திரியின் பெரிய ஸ்கேனில், பித்தப்பை நிறைய வெள்ளைப் புள்ளிகளாகப் பொடிக்கற்கள். என் வடிகட்டி துடைத்தது அவற்றைத்தான். பை சீழ் பிடித்திருந்தது. அன்றே அறுவை செய்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவர் கண்விழிக்கக் காத்திருந்த நேரத்தில் நானும் போய் ஸ்கேனுக்குப் படுத்தேன். இனி எதை ஒளிப்பது? மருத்துவர் திரையை நிதானமாகப் பார்த்தார்.

"இது சாதாரண ரத்தக்குழாய் முடிச்சுதான். பயப்பட ஒண்ணுமில்ல."

எழுந்து உட்கார்ந்து அழுதேன்.

அன்றே ரோஸ்லினிடம் சொன்னேன். கூட்டாளிகளிடம் சொன்னேன். ஐந்து கருவிகளையும் திரும்ப வாங்கி, வடிகட்டியை எடுத்தோம். மற்ற நால்வரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் பார்த்தோம். நல்லவேளை, யாருக்கும் எதுவுமில்லை.

கடைசியாக அண்ணாச்சியிடம் போனேன். படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஒனக்கு ஒண்ணுமில்லல்லா?"

"இல்ல அண்ணாச்சி."

"சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது அவர் மறுபடி கடலுக்குப் போகிறார். என்னிடம் பேசுவதில்லை. நானோ நன்றாகத் தூங்குகிறேன், பசித்துச் சாப்பிடுகிறேன்... உங்களிடம் ஒப்புக்கொள்ள இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அவர் வயிற்றைக் கிழித்துப் போட்டிருந்த அந்த நாள்தான், என் வாழ்நாளிலேயே நான் மிகவும் நிம்மதியாக இருந்த நாள்.