ப்ர்னோவில் ஒரு ராத்திரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா புருஷன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். பாரிவாக்கத்தில் புதிதாக மனை போட்ட தெருவில் அவர்கள் வீடு. மழை விட்டு ரெண்டு நாளாகியும் வாசலில் தண்ணீர் வடியவில்லை. செங்கல் மேல் கால் வைத்துத்தான் உள்ளே போனேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் டிவியில் ஐரோப்பா வரைபடத்தைப் போட்டார். கிரிக்கெட் பார்க்கும்போது உட்காருகிற மாதிரியே ஒரு காலை மடக்கி சோபாவில் உட்கார்ந்தார்.

"இன்னா மச்சான், இதெல்லாம் நீ லாரி ஓட்டின ரோடுதானே?"

ஆமாம் என்றேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின், பிறகு லாரியில் கிளீனர், பிறகு டிரைவர், பிறகு வளைகுடா, அங்கிருந்து போலந்து. போலந்துக் கம்பெனி ஒன்றுக்கு ரெண்டு குளிர்காலம் சரக்கு ஓட்டினேன். வண்டிக்குள்ளேயே தூங்கினேன், ரொட்டியும் டின் மீனும் சாப்பிட்டேன். இடது கால் கட்டைவிரலில் அப்போது போன உணர்ச்சி திரும்பி வரவில்லை. செருப்பு கழன்றால் தெரியாது, அவ்வளவுதான் தொந்தரவு.

அவர்களுடைய ஒரே பெண் செக் நாட்டில் ப்ர்னோ என்ற ஊரில் புருஷனோடு இருக்கிறாள். டிசம்பரில் போய்ப் பார்ப்பதென்று முடிவாகியிருந்தது. அக்காவுக்கும் அவருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. என்னையும் கூட்டிப்போவதாகத் திட்டம், கார் ஓட்ட. மாப்பிள்ளைக்கு லீவு கிடையாதாம்.

அக்கா புருஷன் ஆவடியில் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வரிசைப்படுத்தித்தான் செய்வார். வியன்னாவில் இறங்கி வண்டி எடுப்பது, சால்ஸ்பர்க், அங்கிருந்து பிராக், போலந்தில் க்ராக்கோ, கீழே புடாபெஸ்ட், பிராட்டிஸ்லாவா, திரும்ப வியன்னா. ஒவ்வொரு ஊரையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். நடுவில் ப்ர்னோ. அங்கே ஒரு ராத்திரி.

"ஒரு ராத்திரியா?" என்றேன்.

சமையலறையில் பாத்திரம் ஒன்று சத்தமாகத் தரையில் உட்கார்ந்தது.

"பொண்ணு குடுத்த ஊட்ல அதுக்கு மேல தங்கக்கூடாது மச்சான். எங்க நைனா தங்கினதில்ல. நானும் தங்கமாட்டேன்."

அது எனக்குத் தெரிந்ததுதான். கல்யாணமான புதிதில் அந்தப் பெண் வேலப்பன்சாவடியில் குடியிருந்தாள், இங்கிருந்து பைக்கில் போகிற தூரம். இவர் போவார், பழம் கொடுப்பார், நின்றபடியே டீ குடிப்பார், கிளம்பிவிடுவார். உட்காரவே மாட்டார். மாப்பிள்ளை நாற்காலியைக் கையில் பிடித்துக்கொண்டே பின்னால் நடப்பார். இப்போது பெண் அவ்வளவு தூரத்தில் இருக்கிறாள், இவர் ஊர் ஊராகச் சுற்றுவதற்குத் திட்டம் போடுகிறார். அந்த வட்டம் முழுவதும் ப்ர்னோவில் தங்காமல் இருப்பதற்காகப் போட்டது என்று பார்த்தவுடனே புரிந்தது. நான் சொல்லவில்லை. எனக்கும் அந்தச் சாலைகளை இன்னொரு தடவை பார்க்க ஆசை இருந்தது.

"டெய்லி காலைல நாலு மணிக்குக் கிளம்பறோம். வெயிலுக்கு முன்னாடி அடுத்த ஊரு," என்றார்.

எங்கள் குடும்பத்தில் எந்தப் பயணமும் நாலு மணிக்குத்தான். வேளாங்கண்ணி என்றாலும் திருப்பதி என்றாலும் நாலு மணி. மதுரவாயலில் லாரிகள் சேர்வதற்குள் தாண்டிவிட வேண்டும், இட்லிப் பொட்டலம் சூடாக இருக்கும்போதே முதல் டீக்கடை வந்துவிட வேண்டும். ஆறு மணிக்குக் கிளம்புகிறவனை எங்கள் ஆட்கள் சோம்பேறி என்பார்கள்.

"அங்க வெயிலே கிடையாது மாமா," என்றேன். "ஏழரைக்குத்தான் விடியும். மத்தியானம் டீ குடிச்சிட்டு நிமிர்ந்தா இருட்டு. ராத்திரி பெஞ்ச ஈரம் ரோட்ல கண்ணாடி மாதிரி உறைஞ்சு கெடக்கும். பாத்தா தார் ரோடு, டயர் வெச்சா ஐஸ்."

"நாலு மணிக்குக் கிளம்பவே முடியாதுன்றியா?"

"கிளம்பலாம். கிளம்பினவங்கள பாத்துகீறேன். கிரேன் வெச்சு எடுத்தாங்க."

சமையலறையிலிருந்து அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஃபோர்மேன் இல்லையா, இயந்திரம் ஓடாது என்றால் ஓடாது என்று ஒப்புக்கொள்வார். எத்தனை மணி நேரம் வெளிச்சம் என்று கேட்டார். அதற்குள் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று கேட்டார். சொன்னேன். க்ராக்கோ போயிற்று. சால்ஸ்பர்க்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையும் விட்டார். ஊர்கள் குறையக் குறைய ராத்திரிகள் மிச்சமாயின. மிச்சமானதை வைக்க வரைபடத்தில் ஒரே இடம்தான் இருந்தது. அந்த இடத்தின் பக்கம் அவர் விரல் போகவேயில்லை.

அந்த நேரம் பெண் வீடியோவில் வந்தாள். பின்னால் ஜன்னலில் சாம்பல் வானம். "அப்பா, எங்க ஊட்ல ஒரு ரூம் சும்மாதான் கீது. ஹீட்டர்லாம் கீது," என்றாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா தொந்தரவு. நாங்க ஹோட்டல் பாத்துக்கறோம்."

அவள் சரிப்பா என்றாள். வேறு பேச்சுக்குப் போனாள். போனை வைத்ததும் அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"போன மார்கழில அவளுக்குக் கரு கலைஞ்சுது. ஒண்டியா படுத்துக்கினு இருந்தா. நான் இங்க போன புடிச்சிக்கினு, மாப்ளைக்குக் கஞ்சி எப்படி வெக்கறதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். உப்பு போடவே மறந்துட்டாராம் அந்த மனுஷன். நீங்க ஊர் சுத்துங்க. ஒரு ராத்திரிக்காக நான் வரல. என் டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க."

அவர் டிவியை அணைத்தார். நான் செங்கல் மேல் கால் வைத்து வெளியே வந்தேன்.

மறுநாள் ஓசூருக்கு ஒரு லோடு இருந்தது, போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர்கள் வீட்டில் சாப்பாடு நடந்தது, பேச்சு நடக்கவில்லை. அக்கா டிக்கெட்டைப் பற்றி மறுபடி கேட்கவும் இல்லை, பெட்டியை இறக்கவும் இல்லை. அக்கா புருஷன் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வேலப்பன்சாவடி டீக்கடைக்குக் கூட்டிப்போனார். பாரிவாக்கத்தில் டீக்கடை இல்லாமல் இல்லை. பெண் முன்பு குடியிருந்த வீடு அந்தக் கடையிலிருந்து தெரியும். இப்போது மாடியில் கல்லூரிப் பையன்களின் துணி காய்ந்துகொண்டிருந்தது.

டீயில் பாதி போன பிறகு கேட்டார். "அங்கல்லாம் நாள் கணக்குல ஊடு வாடகைக்குக் குடுப்பாங்களா மச்சான்?"

"குடுப்பாங்க. கட்டில், அடுப்பு, பாத்திரம் எல்லாம் உள்ளயே இருக்கும்."

"ஹோட்டல் மாதிரியா, ஊடு மாதிரியா?"

"சாவி உங்க கைல. நீங்க சமைக்கறீங்க, நீங்க பூட்டறீங்க. உங்க ஊடுதான்."

"ப்ர்னோல கிடைக்குமா?"

"எங்க வேணாலும் கிடைக்கும்."

கண்ணாடி கிளாஸை பெஞ்சில் வைத்தார். எழுந்து அந்த மாடி வீட்டை ஒரு தடவை பார்த்தார். "பொண்ணு ஊடு வேற, அந்த ஊர்ல நம்ம ஊடு வேற. இன்னா சொல்ற?"

"ஆமா மாமா. வேறதான்."

வீட்டுக்கு வந்து அவர் ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்த மாதிரி அதை அறிவித்தார். ப்ர்னோவில் பெண் வீட்டுக்குப் பின் தெருவில் ஒரு வீடு. எல்லா நாளும் அங்கேயே. வெளிச்சமும் மாப்பிள்ளையின் ஓய்வு நாளும் சேர்ந்து வந்தால் வியன்னாவோ பிராகோ போய்விட்டு அன்றே திரும்புவது. அக்கா முழுவதும் கேட்டாள். அழவில்லை, நன்றி சொல்லவில்லை.

"அடுப்பு கேஸா, கரண்டா?" என்றாள்.

"கரண்டு," என்றேன்.

"அப்போ என் குக்கர் அதுல உக்காருமா?"

அதற்கப்புறம் போன் செய்து பெண்ணிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "நாங்க உன் ஊட்டுக்கு வரலடி. நீ அம்மா ஊட்டுக்கு வந்துடு. துணி எடுத்துக்கினு வா." "எந்தத் தெரும்மா?" என்று பெண் கேட்டாள்.

சுற்றுகிற பயணம் இல்லையென்று ஆனதும் டிரைவரும் தேவையில்லாமல் போனான். இருக்கிற ரெண்டு மூன்று பயணத்துக்கு மாப்பிள்ளையே போதும். இதைச் சொல்ல அக்கா புருஷன் மிகவும் சிரமப்பட்டார். "உனக்கு அடுத்த வருஷம் பாக்கலாம் மச்சான்," என்றார். பரவாயில்லை என்றேன். நான் மனதுக்குள் ஓட்டி முடித்திருந்த சாலைகள் சில இருந்தன. அவை எங்கேயும் போய்விடப்போவதில்லை.

போலந்தில் வாங்கிய என் ஜாக்கெட்டை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே நின்றாள். முழங்கால் வரை வந்தது. "டீசல் நாத்தம் அடிக்குதுடா," என்றாள். ஆனாலும் வேர்த்துக்கொண்டே அதோடு பீரோக் கண்ணாடி முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

விமானம் பத்து மணிக்கு மேல்தான். நாலு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். மதுரவாயல் காலியாக இருந்தது. "பாத்தியா, ரோடு எப்படிக் கீது," என்றார் அக்கா புருஷன், பின் சீட்டிலிருந்து.

அவர்கள் போன வாரத்தில் எனக்கு மறுபடியும் ஓசூர்ப் பக்கம் வேலை வந்தது. லாரி அங்கேயே நின்றதால் ராத்திரி குத்தம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அவர் போனில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இருட்டிடுச்சு மச்சான். நீ சொன்னா மாதிரியே, டீ குடிச்சு நிமிர்ந்தேன், இருட்டு."

"இன்னிக்கு வியன்னா போறதா இருந்தீங்களே?"

"போகல. மாப்ள ரெடியாத்தான் இருந்தாரு. பொண்ணு காலைல வந்து சாப்ட்டுப் படுத்துது. இன்னும் தூங்குது. எய்ப்பக்கூடாதுன்ட்டா உங்க அக்கா."

"ஏன் மெதுவா பேசறீங்க?"

"பக்கத்து ரூம்லதான தூங்குது," என்றார்.

நாளைக்குப் போவீர்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். ஓசூர் பஸ் வந்து நின்றது. வைக்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டு ஏறினேன்.