மருந்தடிக்கிற சட்டை

ஷெரின் வரைந்த பதினோரு படங்களிலும் ஒரே நீலம்தான். நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு வெள்ளைப் பட்டைகள். என்னவென்று கேட்டால், "எங்கப்பாவோட தோளு" என்பாள்.

அப்பா பிரான்சிஸ் காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்கு மருந்தடித்தவர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீல மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, பந்தலுக்கடியில் அண்ணாந்தபடி நடப்பார். தெளித்ததில் பாதி அவர்மேலேயே சொட்டும். திருநாளுக்கு எடுத்துப் பழசான வெள்ளைச் சட்டை நீலமாகிவிட்டது. டேங்கின் வார் அழுந்திய இரண்டு இடங்கள் மட்டும் தப்பின. மருந்தடிக்கிற சட்டையை அங்கே யாரும் வீட்டுத்துணியோடு சேர்ப்பதில்லை. தோட்டத்து மோட்டார் ரூம் ஆணியில் கிடக்கும். அவர் இறந்து மூன்று வருடமாகியும் அங்கேதான் கிடந்தது.

ஷெரினுக்கு வயது இருபத்தாறு. கம்பத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை. கடைச் சுவரில் அவள் ஒட்டியிருந்த படத்தை ஓவிய ஆசிரியர் குருசாமி பார்த்தார். தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏழு பேருடைய கண்காட்சிக்கு அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: படம் எதிலிருந்து பிறந்ததோ, அந்தப் பொருளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மேகமலைக்காரர் ஒருவர் தேயிலை எஸ்டேட் லயன் வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு வந்தார்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு ஷெரின் சட்டையை எடுத்துவந்து கொல்லைக் கொடியில் போட்டாள். அம்மா ரோசம்மாளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்தபோது சட்டை தேய்த்து மடித்துக் கட்டில்மேல் இருந்தது. வெள்ளை வெளேரென்று.

"புளியில ஊற வச்சேன் ஆத்தா. செம்புக்குடத்துல களிம்பு போற மாதிரி போயிருச்சு. நாலு பேரு பாக்குற எடத்துல அவுகள அழுக்காவா நிப்பாட்டுறது?"

ரோசம்மாளின் விரல்கள் வெந்து சிவந்திருந்தன.

"ஊற வச்ச தண்ணி?"

"தென்னைக்கு ஊத்திட்டேன்."

ஷெரின் குருசாமிக்குப் போன் செய்தாள். போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். எடுத்ததில்லை. சட்டை எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டாள்.

"மயில்துத்தம் கடையில கெடைக்கும்மா. கரைச்சுத் தெளிச்சிருவோம்."

"வாரு எங்கன இருந்துச்சு சார்? பதினோரு படத்துலயும் பதினோரு எடத்துல வரைஞ்சு வச்சிருக்கேன்."

சட்டைக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டை ஏற்கெனவே அச்சாகியிருந்தது: 'அப்பாவின் சட்டை. வார் பட்ட இடங்களில் மட்டும் நீலம் இல்லை.'

ஞாயிறு பூசை முடிந்து, பட்டுச்சேலையில் பஸ் பிடித்து வந்தாள் ரோசம்மாள். மண்டபத்தில் நல்ல கூட்டம். அட்டையைப் படித்தவர்கள், மாட்டியிருந்த வெள்ளைச் சட்டைக்கு முகத்தைக் கொண்டுபோய்த் தேடினார்கள்.

"எங்கடி இருக்கு நீலம்?" என்றாள் ஒரு கல்லூரிப் பெண்.

"தெரியலேன்னா அதுதான்டி ஆர்ட்டு" என்றாள் கூட வந்தவள். சிரித்துக்கொண்டே கதவைப் பார்க்கப் போனார்கள்.

ரோசம்மாள் மகளின் காதருகே வந்தாள். "எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாகளே, எங்கனயாச்சும் கறை நிக்குதா ஆத்தா?"

"இல்லம்மா. ஒண்ணுமே இல்ல."

ரோசம்மாள் திருப்தியாகச் சட்டைக் காலரை நீவிவிட்டாள்.