இரண்டு பேருக்கு மட்டும் இடமுள்ள கம்ப்யூட்டர்

குற்றாலத்தில், பாறைச் சரிவில் கட்டடம் நிற்காது என்று படித்தவர்கள் சொன்ன இடத்தில் லாட்ஜ் கட்டினேன். அதன் தலையில் இன்னொரு மாடி கட்டினேன். பின்னால் மெஸ் கட்டினேன். தென்காசியில் கடை கட்டினேன். கடைக்கு மேல் வீடு கட்டினேன். இதற்கெல்லாம் முன்னால், எழுபதுகளின் தொடக்கத்தில், அருவிக்குப் போகிறவர்களுக்குத் தோர்த்து விற்றேன். குளிக்கிற துண்டுக்குச் செங்கோட்டைப் பக்கம் அதுதான் பெயர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் சீசன் மாதங்களில் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பெருமைக்கென்றால் இன்னும் நிறைய இருக்கிறது. இப்போது லாட்ஜ் முகப்பில் ஒரு மார்பிள் கல் பதித்திருக்கிறார்கள். ‘குற்றாலத்து விடுதிகளில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தவர்’ என்று பொன்னெழுத்தில் என் மருமகன் பெயர் இருக்கிறது. என் பெயர் கல்லில் எங்கும் இல்லை. கல் வாங்கிய பில்லில் இருக்கிறது.

ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. மருமகன் இன்ஜினியர். “மாமா, உலகமே மாறுது. நாம இன்னும் பேரேட்டப் புரட்டிக்கிட்டு இருந்தா எப்படி?” என்றார். மதுரைக் கம்பெனி ஒன்றிலிருந்து பெட்டி வந்தது. பெரிய பெட்டி உள்ளறையில். அங்கிருந்து ஒயர் இழுத்து மூன்று திரைகள் வைத்தார்கள்: வரவேற்பில் ஒன்று, மெஸ்ஸில் ஒன்று, என் மேஜையில் ஒன்று. கூடவே லைசென்ஸ் என்று ஒரு தாளும் வந்தது. எனக்குத் தெரிந்த லைசென்ஸ் எல்லாம் சுவரில் மாட்டுவதுதான். இதற்கும் கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, லாட்ஜ் லைசென்ஸுக்குப் பக்கத்தில் மாட்டினேன். நான் அதைப் படிக்கவில்லை; இங்கிலீஷில் இருந்தது. மருமகனும் படிக்கவில்லை, அவருக்கு இங்கிலீஷ் தெரியும்.

லாட்ஜில் காலையில் முதல் விளக்கை ஏற்றுவது நான். முதல் இட்லியைத் தின்று பார்ப்பது நான். அதே முறையில் முதல் திரையும் என்னுடையதுதான். ஊதுபத்தி காட்டி, சுவிட்சைப் போட்டு, மருமகன் சொல்லிக்கொடுத்த வார்த்தையைத் தட்டி உள்ளே போய்விடுவேன். அதற்கு மேல் எனக்கு அதில் வேலை கிடையாது. ஆனாலும் முதலாளி மேஜையில் திரை இருண்டு கிடந்தால் நன்றாகவா இருக்கும்? சாயங்காலம்வரை எரியும்.

மெஸ்ஸை நாங்கள் சீசனுக்குத்தான் திறப்போம். அதனால் சாரல் பிடிக்கும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. சாரல் பிடித்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் என் திரையைப் போட்டேன். மெஸ்காரர் பில் போட உட்கார்ந்தார். கடைசியாக வரவேற்பில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்தார். அவரைப் பெட்டி உள்ளே விடவில்லை. இடமில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. எந்த அறை காலி, எந்த அறைக்கு யார் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பெட்டிக்குள். வாசலில் வேன் வேனாக ஆட்கள்.

“என்னவே, ரூம் இருக்கா இல்லியா?” என்று ஒருவர் கேட்டார்.

“இருக்கு அண்ணாச்சி. எது இருக்குன்னுதான் தெரியல,” என்றார் கணக்குப்பிள்ளை.

“உம்ம லாட்ஜு ரூமு உமக்கே தெரியலன்னா நாங்க எங்கவே போய்த் தேட?”

எதிர் லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். அங்கே சாவிகளை ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஆணியில் சாவி தொங்கினால் அறை காலி. அந்த ஆணிகளுக்கு ஒருவரிடமும் லைசென்ஸ் வாங்கவில்லை.

போன் போட்டதும் மறுநாள் காலையிலேயே கம்பெனிக்காரர் வந்துவிட்டார். சீசனில் கூப்பிட்டால் யாரும் தனியாக வரமாட்டார்கள். குடும்பத்தோடு வந்து, நாலு பேர் என்று எழுதிக்கொடுத்து அறை எடுத்தார். சாரலில் நனைந்த டையைப் பிழிந்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, நீங்க வாங்குனது ரெண்டு பேருக்கான லைசென்ஸ். ஒரே நேரத்துல ரெண்டு பேர்தான் உள்ள இருக்க முடியும். மூணாவது ஆளுக்குத் தனியா வாங்கணும்.”

“பெட்டி யாருது?”

“உங்களுது.”

“ஒயரு?”

“அதுவும் உங்களுதுதான். உள்ள இருக்கிற புரோகிராம் மட்டும் கம்பெனியோடது. அதைப் பயன்படுத்திக்க உங்களுக்கு அனுமதி, அவ்வளவுதான்.”

“காசு குடுத்தாச்சுல்லா! உள்ள எத்தன பேரு இருந்தா உமக்கென்னவே?”

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார்.

என் லாட்ஜில் ஆள் எண்ண நான் அறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. வராந்தாவில் கட்டியிருக்கும் கொடியைப் பார்ப்பேன். செருப்பைக் கட்டிலடியில் ஒளித்துவிடுவார்கள். ஈரத் தோர்த்தை எங்கே ஒளிப்பார்கள்? அன்று சாயங்காலம் கம்பெனிக்காரர் அறை முன்னால் ஒன்பது தொங்கியது. கதவைத் தட்டினேன்.

“தம்பி, நாலு பேருன்னு எழுதிருக்கீரு. ஒம்பது தோர்த்து காயுதே?”

“ரூமுக்குத்தான் வாடகை குடுத்தாச்சே ஐயா. உள்ள எத்தனை பேர் இருந்தா உங்களுக்கென்ன?”

காலையில் என் வாயிலிருந்து போன வார்த்தை, அருவியில் குளித்துவிட்டு அவர் வாய்வழியாகத் திரும்பி வந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு லைசென்ஸ் புரிந்தது. அது விற்பனை இல்லை, ரூம் வாடகை. சுவரும் கட்டிலும் லாட்ஜுக்காரனுக்குச் சொந்தம். வந்தவனுக்குத் தங்குகிற உரிமை, அதுவும் தலை எண்ணி. எத்தனை புத்தகம் படித்தாலும் மருமகனுக்கு இது விளங்கியிருக்காது. அவர் தோர்த்து எண்ணியதில்லை.

கம்பெனிக்காரருக்கும் விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். “ஐயா, ஒண்ணு செய்வோம். இந்தத் துண்டுகளை நீங்க பாக்கல. மூணாவது ஆள் உள்ள போறதை நான் பாக்கல. சின்ன வேலைதான், திறந்துவிட்டுடுறேன்.”

பின்னால் நின்ற மருமகன் முகம் மலர்ந்தது. “நல்ல யோசனை மாமா. கம்பெனிக்கு என்ன தெரியப்போவுது?”

“மாப்ளே, இவரு தோர்த்தக் காணாதமாரி விட்டா நாளைக்கு ரூமுக்கு ரூம் ஒம்பது தொங்கும். அப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எண்ண?”

கூடுதல் தலைகளுக்கு அங்கேயே வாடகை வாங்கினேன். வாங்கிவிட்டுக் கேட்டேன்: “உள்ள இருக்க ஆளு வெளிய வந்துட்டா, அந்த எடத்துல இன்னொருத்தரு போலாமா?”

“தாராளமா போகலாம்.”

“ரூம் காலி பண்ணுத மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

“அப்ப இந்நேரம் உள்ள யாரு யாரு இருக்கா?”

உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். “ஒண்ணு மெஸ். இன்னொண்ணு...” என்று இழுத்தார். “உங்க திரை ஐயா.”

மருமகன் கூரையைப் பார்த்தார்.

நான் யாரும் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. நேரே என் மேஜைக்குப் போய், வெளியே வருகிற வார்த்தையைத் தட்டி, சுவிட்சை அணைத்தேன். வரவேற்பிலிருந்து கணக்குப்பிள்ளை கத்தினார்: “அண்ணாச்சி, வந்துட்டு! எல்லா ரூமும் வந்துட்டு!”

மூன்றாவது இடம் நாங்கள் வாங்கவேயில்லை. அந்தச் சீசனும் அடுத்த சீசன்களும் இருண்ட திரைக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எதிர் லாட்ஜ்காரர் வந்து, “என்ன அண்ணாச்சி, உம்ம கம்ப்யூட்டர் தூங்குதா?” என்று கேட்பார். நான் இன்னொரு ஊதுபத்தி ஏற்றுவேன்.

கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது ஒரு பெரிய காரியமா? மதுரையிலிருந்து அதை லாரிதான் கொண்டுவந்தது. களவாக உள்ளே போகாமல், சொந்த இடத்தைக் காலி செய்து அதை ஓடவிட்டது யார்? மருமகன் பெயருக்குக் கீழே கல்லில் இடம் இருக்கிறது. முழம் போட்டுப் பார்த்துவிட்டேன். ‘தன் இடத்தை விட்டுக்கொடுத்து இந்தக் கம்ப்யூட்டரை நேர்வழியில் ஓடவைத்தவர்’ என்று என் பெயரை அங்கே வெட்ட வேண்டும். எழுத்து அவருடையதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. பொன்முலாமும் வேண்டும். அதற்கான பில்லையும் என் பெயருக்கே போடட்டும்.