தொப்பியைக் கழற்றிய தொரை

எங்கள் அடுக்குமாடி லிஃப்டுக்கு மெக்கானிக் இன்று தடவிய கிரீஸின் வாசனை என்னை ராயபுரத்து லைன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நைனா, சாயங்காலம் கிணற்றடியில் மண்ணெண்ணெய் விட்டுக் கைக்கறையைத் தேய்த்துக்கொண்டே, "இன்னிக்கும் பெட்டிய அலுங்காம எறக்கினேன், கீய நின்னுகினு தொரை தொப்பிய கயட்டினாரு" என்று அம்மாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்து வந்த தொரை தொப்பியைக் கழற்றவே இல்லை. மாசச் சம்பளத்தில் ஐந்து ரூபாய் கூட்டினார். எனக்குக் கண்ணாடி வளையல் வந்தது, கிணற்றடியில் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. "இன்னிக்கு எப்டி எறக்கின நைனா?" என்று நானாவது ஒருநாள் கேட்டிருக்கலாம்.

கொலுசு எப்போது என்றுதான் கேட்டேன்.