இரண்டாவது பீப் வரைக்கும்

என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த சமயத்தில் எங்கள் டிவி புகைந்து போனது. ஞாயிறு பூசையைப் பார்க்க முடியாமல் அவள் அழுதாள். மாடிவீட்டு ஷிவாதின் அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை தன் பெரிய டிவியைக் கழற்றி, முதுகுவலியோடு இரண்டு மாடி இறக்கி, அவள் கட்டிலுக்கு எதிரே வைத்தார். "என் சுவருக்கு இது பாரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் ரயில்வேயில் சிக்னல் போட்டு ஓய்வு பெற்றவர். கடவுளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஜெர்மனியில் இருக்கும் மகன் ஸ்லாஜானோடும் கிடையாது. தாயின் அடக்கத்துக்கு அவன் ஒரு நாள் தாமதமாக வந்தான் என்று சண்டை. போன கோடையில் வந்தவன் பேசாமலே ஒரு வீடியோ கேம் பெட்டியை டிவியில் மாட்டிவிட்டுப் போனான். அப்போதிலிருந்து ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு அவன் ஸ்டுட்கார்ட்டிலும் இவர் எங்கள் ஊர் பிரோத்திலும் உட்கார்ந்து கால்பந்து ஆடுவார்கள், அந்தப் பெட்டி வழியாகவே ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். உறவில் மிச்சம் அதுதான். ஒருவர் வராவிட்டால் அதுவும் முடிந்ததென்று மற்றவர் எடுத்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் அவ்வளவு வீம்பு.

அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு, மிக்கேல் அதிதூதர் திருநாளுக்கு முந்தின நாள். மனைவி கொண்டாடிய நாள் என்பதற்காக மட்டும் அண்ணன் அதை விடாமல் நடத்துவார். திருநாளுக்கு முன் வீடுதோறும் தண்ணீர் மந்திரிக்க வரும் பாதிரியார் விதோமிர் சாமிக்கு, தெளிக்கத் துளசிக்கொத்து எடுத்துக்கொண்டு நானும் மாடியேறினேன். அண்ணன் பரணிலிருந்து இறக்கி மாட்டிய பழைய டிவியின் முன்னால் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சிக்னல் இல்லையாம். முப்பத்தாறு வருஷம் சிக்னல் கொடுத்தவன் நான். என்கிட்டயே சொல்லுது."

"மணி நாலரைதான் அண்ணே. தம்பிக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிடுங்களேன்."

"நானா? முதல்லயா? செத்தப்புறம் போடறேன்."

"பெட்டியை எந்த அளவுல வச்சிருக்கீங்க?" என்று சாமி கேட்டார்.

"நீங்க தண்ணியைப் பாருங்க சாமி. மெஷின் உங்க இலாகா இல்ல. தங்க முலாம் பூசின வயரே வாங்கிப் போட்டுட்டேன், அதுக்கே மசியல."

சாமி அங்கியைத் தூக்கிக்கொண்டு டிவி முன் மண்டியிட்டார். ஜெபம் செய்கிறார் என்று நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். அவரோ டிவியின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்துக்கொண்டிருந்தார்.

"படம்னா புள்ளி வரிசைதான். உங்க பெரிய டிவியில ரெண்டாயிரத்து நூத்தி அறுபது வரிசை. தம்பி பெட்டியை அதுக்குன்னு பூட்டி வச்சிட்டுப் போயிருக்கான். இது எழுநூத்தி இருபது வரிசைக்கு மேல தாங்காது. நாப்பது பேர் பாடறதை ஒருத்தனைப் பாடச் சொன்னா அவன் வாயை மூடிக்குவான்ல, அதான். பெட்டியை அணைச்சிட்டு, பீப் வர்ற வரைக்கும் பட்டனை அமுக்குங்க."

"அதெல்லாம் அமுக்கியாச்சு. பீப்புன்னுச்சு, விட்டுட்டேன்."

"முதல் பீப்புக்கு விடக்கூடாது. ரெண்டாவது வரணும்."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். இரண்டாவது பீப் வந்ததும் திரையில் பெரிய பெரிய எழுத்துகள் தெரிந்தன. சாமி எழுநூற்று இருபதைத் தேர்ந்தெடுத்தார்.

"சாமிக்கு இது எப்படித் தெரியும்?" என்றேன்.

"சாமியாருக்குப் படிச்ச செமினரியில குளிர்காலம் ரொம்ப நீளம்மா."

எல்லாம் கூடிவர ஐந்து மணி தாண்டி ஏழு நிமிடம் ஆகிவிட்டது. படம் சொரசொரப்பாக இருந்தது, எந்த ஆட்டக்காரனுக்கும் மூக்கு இல்லை. டிவிக்குள்ளிருந்து குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"அணைக்கப் போனேன்ப்பா. வரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"பழைய டிவிடா. பெரியதைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்துட்டேன். அங்க ஒரு அம்மா இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு."

திரையில் ஸ்லாஜானின் ஆட்டக்காரன் பந்தோடு நின்றுவிட்டான்.

"நம்ம அம்மா மாதிரியே பண்றீங்க" என்றான். பிறகு, "ஜனவரியில இங்க வாங்களேன்."

"பந்து உன்கிட்ட இருக்கு. ஆடுடா" என்றார் அண்ணன்.

ஆட்டத்தின் இடைவேளையில் சாமி தண்ணீரை மந்திரித்தார். துளசியால் தெளிக்கும்போது அண்ணன், "பெட்டி மேல வேணாம் சாமி, இப்பத்தான் உயிர் வந்திருக்கு" என்று குறுக்கே நின்றுகொண்டார். தண்ணீர் முழுக்க அவர் மேலேயே விழுந்தது.

ஜனவரியில் ஸ்டுட்கார்ட்டுக்குக் கிளம்பினார். இரண்டு குளிர்காலம் ஆகிறது, மகன் வீட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. பேருந்துப் படியில் நின்று என்னிடம் சொன்னது இதுதான்: "ரெண்டு நாள்ல அவனோட சண்டை வரும், மூணாம் நாள் இங்க இருப்பேன். என் வீட்டு அடுப்புக்கு நாலு விறகு மட்டும் எடுத்து வை."