மிளகாய்க்குத் தும்மாத மூக்கு

பக்கவாதம் வந்து போன பிறகு லத்தீஃபாவிடம் மிச்சமிருந்தது 'தா' என்ற ஓர் எழுத்துதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் தா, வலித்தாலும் தா, மின்விசிறியை நிறுத்தச் சொல்வதும் அதே தா. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். அவள் கணவர் உஸ்மான் கனி ஓடி வந்து முதலில் தண்ணீரை நீட்டுவார். வேண்டாமென்றால் தலையணையை உயர்த்துவார். அதுவும் இல்லையென்றால் "பாத்ரூம் போணுமா?" என்பார். எதுவுமே இல்லாதபோது அவள் கண்ணிலிருந்து நீர் வழியும். அவருக்கும் வழியும். ஆனால் அதற்குள் சமையலறைக்குள் போய்விடுவார்.

குமணன்சாவடியில் மாவு மில் வைத்திருந்தார் உஸ்மான் கனி. கோதுமை, கேழ்வரகு, மல்லி, மஞ்சள், மிளகாய் என்று வருவதையெல்லாம் அரைத்துக் கொடுப்பார். மிளகாய் அரைக்கும் நாளில் அரைக்கக் கொடுத்தவர்கள் தெருவில் நின்றபடியே இருமுவார்கள். அவர் மூக்கில் ஒரு துணிகூடக் கட்டமாட்டார். இளவயதிலேயே மெஷினுக்கு முன்னால் நின்ற மூக்கு அது. அந்த நெடிக்கு எப்போதோ மரத்துவிட்டது.

இப்போது காலை நேரங்களில் மில்லை அங்கே வேலை செய்யும் இருதயராஜ் பார்த்துக்கொண்டான். மனைவியைக் கழுவி, துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு, எதிர்வீட்டு அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் உஸ்மான் கனி பூந்தமல்லியிலிருந்து கிளம்புவார். ட்ரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்களுக்கு அடியில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, வீட்டில் அவள் கட்டிலைத் தட்டுவது போலவே இருக்கும்.

பள்ளிவாசலில் பார்ப்பவர்களெல்லாம் "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள். அதற்கு 'அல்ஹம்துலில்லாஹ்' என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாப் புகழும் இறைவனுக்கே. நல்லதுக்கும் அதுதான் பதில், கெட்டதுக்கும் அதுதான். உஸ்மான் கனி "இருக்கா" என்று மட்டும் சொன்னார். தொழுகையை அவர் விடவில்லை. எல்லோரும் கையேந்தும் நேரத்தில் எழுந்து செருப்பைத் தேடப் போய்விடுவார். எதற்காக ஏந்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கேட்டு முடித்திருந்தார்.

பேச்சுப் பயிற்சி தரும் ரோஷினி என்ற பெண் பொறுமையானவள். "பழக்கத்துல தானா வாயில வர்றது சில பேருக்குப் போகாது அங்கிள். ஒண்ணு ரெண்டு எண்ணுறது, பாட்டு, பிரார்த்தனை... நீங்க ஆரம்பிச்சு விடுங்க. அவங்க முடிக்கிறாங்களா பாருங்க. ஆனா வற்புறுத்தாதீங்க" என்றாள்.

அவர் வற்புறுத்தினார். வியாழக்கிழமை மாலையானால் குர்ஆனைப் பார்க்காமலே யாசீன் அத்தியாயம் ஓதுகிறவள் லத்தீஃபா. அவர் தொடங்கிவிட்டு நிறுத்தினார். அவள் வாயைத் திறந்தாள். தா. "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்றார். மறுபடியும் தா. மூன்றாம் முறை அவர் தொடங்கியபோது லத்தீஃபா இடது கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு மில்லுக்குப் போய் இருதயராஜிடம் சொன்னார். "அவ உள்ள இல்ல ராஜு. யாரோ ஒரு பொம்பளைக்கு சோறு ஊட்டிக்கினு கீறேன்."

"இன்னா பாய் இப்டி பேசறே? நாளிக்கு அண்ணி எய்ந்து வந்து, இன்னாய்யா என்னப் பத்தி சொன்னேன்னு கேட்டா இன்னா பண்ணுவே?"

"கேக்கட்டும். ரெண்டு அறை கூட அறையட்டும்."

இருதயராஜ் பெல்ட்டை மாட்டி மெஷினை ஓடவிட்டான்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை. துடைத்து முடித்து, நைட்டியை மாட்டி, கழுத்திலும் முதுகிலும் பவுடர் தட்டினார். புண் வராமலிருக்க அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்கள். பவுடர் பறந்து அவர் மூக்கில் ஏறியது. மிளகாய்க்கு அசையாத மூக்குக்கு அந்த வாசனைப் பவுடர் ஆகாது. கல்யாணமான புதிதிலிருந்து லத்தீஃபா அவரைக் கேலி செய்துவந்த விஷயம் அது. பெரிதாகத் தும்மினார்.

லத்தீஃபா அவரைப் பார்த்தாள். வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு கட்டிலைத் தட்டினாள்.

தண்ணீர் கொண்டு வந்தார். தலையை ஆட்டினாள். மின்விசிறியை நிறுத்தினார், போர்வையை இழுத்துவிட்டார். "தா, தா" என்று தட்டிக்கொண்டே இருந்தாள். இந்த மாதங்களில் பல காலைகளில் இப்படி நடந்திருக்கிறது. பவுடர், தும்மல், தட்டல். ஒருநாளும் அவருக்கு விளங்கியதில்லை.

"என்னதான்டி வேணும் உனக்கு?" அவர் குரல் எதிர்வீடு வரை கேட்டது. "தும்முனா கூட தப்பா? தும்மிட்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்லலன்னு கோவமா? இருக்கிற இருப்புக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்! சொல்றேன், கேட்டுக்கோ. அல்ஹம்துலில்லாஹ்! போதுமா?"

"யர்ஹமுகல்லாஹ்" என்றாள் லத்தீஃபா.

முழுச் சொல். பழைய குரல். அடுப்பில் கண் வைத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் முப்பது வருஷமாகச் சொன்ன அதே அசிரத்தையான குரல். அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும் என்று அதற்குப் பொருள். தும்மியவர் இறைவனைப் புகழ்ந்தால் கேட்டவர் அதைச் சொல்ல வேண்டும். புகழாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. அவர் புகழ்வதை நிறுத்திவிட்டார். அவள் ஒவ்வொரு முறையும் காத்திருந்திருக்கிறாள். அவர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்.

தன் குரலைக் கேட்டு அவளே மிரண்டுபோயிருந்தாள். உஸ்மான் கனி பவுடர் டப்பாவோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மண்ணூர்பேட்டையில் இருந்த மகளுக்குப் போன் போட்டார். "ஷாகிதா, உங்கம்மா பேசிட்டா!"

"என்ன சொன்னாங்க அத்தா?"

"நான் தும்முனேன். அதுக்கு பதில் சொன்னா."

"வர்றேன் அத்தா" என்றாள் மகள்.

மகள் வந்து கட்டிலருகே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் காட்ட இப்போது உஸ்மான் கனி தும்ம வேண்டும். பவுடரைக் கொட்டி முகர்ந்து பார்த்தார். வேண்டுமென்று முகர்ந்ததாலோ என்னவோ, மூக்கு அசையவில்லை. மிளகாய்த்தூளை எடுத்து உறிஞ்சினார். ஷாகிதாதான் இருமினாள். கடைசியில் "அச்சூ" என்று வாயால் தும்மி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

லத்தீஃபா உதட்டைச் சுழித்தாள். இடது கையை, ஈயை ஓட்டுவது போல அவர் பக்கம் வீசினாள்.

ஷாகிதா சிரித்துவிட்டாள். "அத்தா, நீங்க நடிக்கிறது எனக்கே தெரியுது. அம்மாகிட்ட எடுபடுமா?" சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

ரோஷினி விவரத்தைக் கேட்டு மகிழ்ந்தாள். ஆனால் பொய் சொல்லவில்லை. "நல்ல விஷயம்தான் அங்கிள். பேச்சு இதுலேருந்து வளரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது. இதோடயே நிக்கலாம்."

"என் பேரையாவது..."

"முன்னாடியெல்லாம் அவங்க உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களா?"

"இல்ல. இந்தாங்கன்னுதான் கூப்பிடுவா."

"அப்ப அதை முயற்சி பண்ணுவோம்" என்றாள்.

'இந்தாங்க' வரவில்லை. முயன்ற நாளெல்லாம் தாவில் போய் முட்டி நின்றது. அவருக்குத் தும்மல் வந்த காலைகளில் அந்த ஒரு சொல் வந்தது. சில காலைகளில் அதுவும் பாதியில் அறுந்தது. தும்மல் வராத நாளில் வீட்டில் பேச்சே இல்லை. தும்மலுக்காக அல்லாஹ்விடம் கையேந்துகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று பள்ளிவாசலில் ஒருநாள் அவருக்குத் தோன்றியது. அப்போதுதான் கவனித்தார், செருப்பைத் தேடிப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கேட்டது கிடைத்துவிடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் முழுக்க அவர் நிஜமாகவே தும்மி, சத்தமாகப் புகழ்ந்தும் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வாய் கோணியது, தா வந்தது. இருந்த ஒன்றும் போய்விட்டது என்று நினைத்தார்.

அந்த வார முடிவில் மில்லில் நாளெல்லாம் மிளகாய். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. வழக்கமாகக் குளித்துவிட்டுத்தான் அவளருகே போவார். அன்றைக்குக் கை முகம் மட்டும் கழுவிக்கொண்டு, பசியோடு இருக்கிறாளே என்று சட்டையைக்கூட மாற்றாமல் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். முதல் கரண்டியை ஊட்டக் குனிந்தபோது சட்டை நெடி அவளுக்கு ஏறியது. லத்தீஃபா தும்மினாள். படுத்ததிலிருந்து அதுதான் அவளுடைய முதல் தும்மல். கட்டிலே ஆடியது.

இப்போது அவள் 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர் பதில் சொல்ல முடியும். வாயைத் திறந்தாள். தா. இன்னொரு முறை திறந்தாள். தா. கட்டிலைத் தட்டவில்லை. அவரையே பார்த்தாள்.

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். தோள் துண்டின் சுத்தமான முனையால் அவள் மூக்கைத் துடைத்தார். வற்புறுத்தவில்லை. பிறகு அவளுக்குப் பதிலாக, அவள் சொல்லும் அவசரத்தோடு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கோபமில்லாமல் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

லத்தீஃபா தலையை அசைத்தாள். மேலே சொல்லுங்கள் என்பது போல.

"யர்ஹமுகில்லாஹ்" என்றார். பெண்ணுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நேர்வழி காட்டட்டும் என்று அதற்கு அவள் திருப்பிச் சொல்ல வேண்டிய ஒரு பதில் உண்டு. கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அதையும் அவரே சொன்னார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்தார். அவள் வாயைத் திறந்தாள்.